கேஸ் நடக்கும்போது வேலை தேடுறது: நான் பட்டதும் தெரிஞ்சுக்கிட்டதும்

கேஸ்ல பேரு இருக்குறவனுக்கு எவன் வேலை குடுப்பான்னு எங்க ஊர்ல சாதாரணமா சொல்லிருவாங்க. குடுக்குறாங்க. நான் கேஸ் நடக்கும்போதும் வேலை வாங்கியிருக்கேன், தண்டனைன்னு தீர்ப்பு வந்த பிறகும் வேலையில இருக்கேன். ஆனா எப்படிக் கேக்கணும், எப்ப சொல்லணும், எந்தப் பேப்பர் கையில இருக்கணும், எந்த வேலைக்கு அலையவே கூடாது, இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. வக்கீல் கேஸைப் பத்தி மட்டும்தான் பேசுவார், வீட்டுல அழுவாங்க, சொந்தக்காரங்க ஒதுங்கிருவாங்க, நடுவுல சாப்பாட்டுக்கு என்ன வழின்னு நாமதான் பாத்துக்கணும். அதனாலதான் இதை எழுதுறேன்.

என் விஷயம் சுருக்கமா. திண்டுக்கல் மாவட்டம், கொஞ்சம் நிலம், பங்காளிங்களோட பல வருஷ வரப்புத் தகராறு. ஒரு நாள் அது கைகலப்பாகி அந்தப் பக்கத்து ஆளுக்கு கையில எலும்பு முறிஞ்சு போச்சு. எஃப்ஐஆர்ல குற்றம் சாட்டப்பட்டவங்க வரிசையில அப்பா ஏ1, நான் ஏ2, தம்பி ஏ3. தம்பி அன்னைக்கு அந்த இடத்துலயே இல்ல, போலீஸ் செலக்‌ஷனுக்கு கோச்சிங் போயிருந்தான், ஆனாலும் ஊர்ச் சண்டையில வீட்டு ஆம்பளைங்க எல்லார் பேரையும் சேத்து எழுதிக் குடுக்குறது நம்ம பக்கம் வழக்கம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல பிரிவு 294(பி), 323, 326, 506(2). இதுல 326தான் பெருசு, ஆயுதத்தால கொடுங்காயம். அப்பாவையும் என்னையும் ரிமாண்ட் பண்ணாங்க, தம்பிக்கு முன்ஜாமீன் வாங்குனோம். யார் அடிச்சா யார் தள்ளுனாங்கிறதெல்லாம் கோர்ட்ல பேசி முடிஞ்சது, அதுக்குள்ள நான் போகல.

நான் ஐடிஐ டர்னர். அப்ப கோயம்புத்தூர்ல ஒரு பெரிய கம்பெனியில கான்ட்ராக்ட்ல சிஎன்சி ஆபரேட்டரா இருந்தேன். உள்ள போன மறுநாளே எங்க மாமா நேரா கம்பெனிக்குப் போய், தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலைன்னு லீவ் லெட்டர் குடுத்து, வாங்குனதுக்கு ஒரு கையெழுத்தும் கேட்டு வாங்கிட்டு வந்தார். எவ்வளவு பெரிய உதவின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வேலைக்கு வராம ஓடிட்டான்னு ரெக்கார்ட்ல ஏறிருச்சுன்னா அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது அதுதான் முதல்ல தெரியும். வீட்டுல யாராவது அரெஸ்ட் ஆனா வக்கீலைப் பாக்குற அன்னைக்கே இன்னொரு ஆளை வேலை பாக்குற இடத்துக்கு அனுப்புங்க.

பெயில்ல வந்ததும் கான்ட்ராக்டர் கூப்பிட்டு, ரிசைன் லெட்டர் குடுத்துட்டுப் போயிருப்பான்னார். இங்க ஒரு விஷயம் பிரிச்சுப் பாக்கணும். பெர்மனன்ட் ஆளா இருந்தா உடனே எழுதிக் குடுக்காதீங்க. கம்பெனி விசாரணைன்னு சஸ்பெண்ட் பண்ணா தமிழ்நாட்டுல 1981ல இருந்தே பிழைப்பூதியச் சட்டம் இருக்கு, முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்து 180 நாள் வரைக்கும் முக்கால், அதுக்கு மேல முழுசா குடுக்கணும். கவர்மெண்ட் வேலைன்னா 48 மணி நேரத்துக்கு மேல கஸ்டடியில இருந்தாலே சஸ்பென்ஷன்தான், ஆனா அது டிஸ்மிஸ் கிடையாது. என்னை மாதிரி கான்ட்ராக்ட் ஆளுக்கு பிடிச்சுக்க பெருசா ஒண்ணும் இல்ல, அதனால நான் லெட்டருக்கு பதில் ரெண்டு விஷயம் கேட்டேன்: எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், அப்புறம் பிஎஃப்ல வெளியேறுன தேதி சரியா போட்டுத் தரணும். ரெண்டும் வந்த பிறகுதான் எழுதிக் குடுத்தேன். பிஎஃப்ல நம்ம வேலை பாத்த வரலாறு மொத்தமும் யுஏஎன் நம்பருக்குள்ள கிடக்கு, அடுத்த இடத்துல அதைத்தான் பாப்பாங்க.

அடுத்தது கையெழுத்து. மறு உத்தரவு வரும் வரைக்கும் தினமும் காலையில 10.30க்கு ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும்னு கண்டிஷன். கேஸை விட வேலையைக் கெடுக்குறது இந்தக் கண்டிஷன்தான்னு நான் சொல்லுவேன். 10.30ன்னா 10.30க்கு முடியாது, எழுத்தர் வரணும், நோட்டு எடுக்கணும், சில நாள் மதியம் ஆயிரும். எந்தக் கம்பெனி ஷிஃப்ட்டும் இதுக்கு ஒத்து வராது. அப்ப எனக்குக் கிடைச்சது நிலக்கோட்டை பூ மார்க்கெட். விடியுறதுக்கு முன்னாடி மல்லிப்பூ மூட்டை வந்து இறங்கும், எடை போடணும், கடைக்கடைக்கு பிரிச்சு விடணும், வெயில் ஏறுறதுக்குள்ள வண்டியில ஏத்தி அனுப்பிரணும், ஒன்பது மணிக்கெல்லாம் கை ஓய்ஞ்சிரும். குளிச்சிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருவேன். கூலி அன்னன்னைக்கு கையில, அங்க ஒருத்தரும் எந்த ஃபார்மும் குடுக்கல, மூட்டை தூக்குவியான்னு மட்டும் கேட்டாங்க. கையெழுத்து காலத்துல படிப்புக்கேத்த வேலை தேடி மனசு ஒடிஞ்சு போறதை விட, காலையில முடியுற வேலையா பாருங்க. பூ மார்க்கெட், காய்கறி மண்டி, பால் வண்டி, பேப்பர் ஏஜென்சி, இல்லைன்னா சாயங்காலம் ஆரம்பிக்கிற ஹோட்டல் வேலை.

இது கூடவே ஒரு காரியம் பண்ணனும். கண்டிஷன் ஒழுங்கா நிறைவேத்தியிருக்கோம்னு காட்டி, அதைத் தளர்த்தச் சொல்லி பெயில் குடுத்த கோர்ட்லயே ரிலாக்சேஷன் பெட்டிஷன் போடலாம். முழுசா எடுக்கச் சொல்லலாம், இல்ல வாரத்துக்கு ஒரு நாளா மாத்தச் சொல்லலாம், இல்லைன்னா வேலை பாக்குற ஊர் ஸ்டேஷன்ல கையெழுத்து போட அனுமதி கேக்கலாம். இந்த கடைசி விஷயம் பல பேருக்குத் தெரியறதில்ல. வேலை குடுக்குறேன்னு ஒரு லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கி பெட்டிஷனோட சேத்தா அதுக்கு மதிப்பு இருக்கு. வக்கீல் தானா போடுவார்னு உக்காந்திருக்காதீங்க, குமாஸ்தாவை பிடிச்சு கேட்டுக்கிட்டே இருங்க. ஒரு நாள் கூட கையெழுத்து விட்டுப் போகாம இருக்கணும், போலீஸ் தரப்புல அதைத்தான் முதல்ல சொல்லி எதிர்ப்பாங்க.

எனக்கு கண்டிஷன் எடுத்ததும் திரும்ப கோயம்புத்தூர் போனேன். கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கமெல்லாம் ஜாப் ஆர்டர் எடுத்து ஓட்டுற சின்னச் சின்ன லேத் பட்டறைங்க நிறைய. பெரிய கம்பெனியில ஹெச்ஆர் இருப்பாங்க, ஃபார்ம் இருக்கும், பேக்ரவுண்ட் செக் இருக்கும். பட்டறையில ஓனர்தான் எல்லாம், அவர் நம்ம மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணுவார். கேஸ் நடக்குறவங்க முதல்ல போக வேண்டிய இடம் அதுதான்.

முதல்ல போன ஒரு பட்டறையில கேஸ் விஷயத்தைச் சொன்னதும் அந்த ஓனர், சரி பரவாயில்ல வா, ஆனா மத்தவங்களுக்குக் குடுக்குறதுல பாதிதான் தருவேன், உன் ஐடிஐ ஒரிஜினல் சர்டிபிகேட் என்கிட்ட இருக்கட்டும்னார். எந்திரிச்சு வந்துட்டேன். தயவுசெஞ்சு இந்த மாதிரி இடத்துல மாட்டிக்காதீங்க. நமக்கு வேற கதியில்லன்னு தெரிஞ்சா அதை வச்சே அழுத்துவாங்க, நாளைக்கு வாய்தாவுக்கு லீவு கேட்டா சர்டிபிகேட் தரமாட்டேன்னு மிரட்டுவாங்க, ஓவர்டைம் காசு தரமாட்டாங்க, எங்க போய் சொல்லுவன்னு கேப்பாங்க. கேஸ் இருக்குறதால குறைஞ்சபட்சக் கூலி சட்டம் நமக்கு இல்லாம போயிராது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கையிலயும் குடுக்காதீங்க, காமிச்சுட்டு ஜெராக்ஸ் குடுங்க.

அடுத்த இடம்தான் நான் பல வருஷம் இருந்த இடம். ஓனர் ஒரு ஷாஃப்ட்டைக் கையில குடுத்து, 25 எம்எம் ஓடி (வெளி விட்டம்) வரணும் தம்பி, டாலரன்ஸ் இவ்வளவுதான், ஓட்டிக் காட்டுன்னார். ஓட்டுனேன். மைக்ரோமீட்டரை அவரே எடுத்து மூணு இடத்துல வச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம கீழ வச்சார். சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குறன்னு கேக்க வாயெடுத்தார், அப்பதான் சொன்னேன். அண்ணா, சம்பளம் பேசுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிர்றேன், ஊர்ல நிலத் தகராறுல ஒரு அடிதடி கேஸ் என்மேல நடக்குது, பெயில்ல இருக்கேன், கையெழுத்து கண்டிஷன் எல்லாம் முடிஞ்சுது, மாசத்துக்கு ஒரு தடவை வாய்தா வரும், தேதி முன்னாடியே சொல்லிருவேன், அந்த ஒரு நாள் லீவு வேணும், அந்த வேலையை முந்துன நாள் நின்னு முடிச்சுக் குடுத்துருவேன். அவ்வளவுதான்.

அவர் கேட்ட கேள்வி மூணே மூணு. போலீஸு பட்டறைக்கு வருமா? இல்லண்ணா, சார்ஜ் ஷீட் போட்டாச்சு, இனி சம்மன் ஊர் வீட்டுக்குத்தான் வரும். திடீர்னு உள்ள புடிச்சுப் போட்ருவாங்களா? வாய்தாவுக்கு ஒழுங்கா போனா அப்படி ஆகாதுங்கண்ணா. நம்ம பசங்ககூட ஏதும் வம்பு பண்ணுவியா? பழைய கம்பெனி சூப்பர்வைசர் நம்பர் தர்றேன், நீங்களே கேளுங்க. போன் பண்ணிக் கேட்டார். பார்ட்டிக்கு டெலிவரி குடுக்கோணும் தம்பி, அது நின்னு போகாம பாத்துக்கோன்னு சொல்லி மறுநாள் வரச் சொல்லிட்டார்.

இதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டது, முதலாளிக்கு நம்ம கேஸு பயமில்ல, தனக்குத் தெரியாம ஏதோ ஒண்ணுல மாட்டிக்குவோமோங்கிறதுதான் பயம். அந்த மூணு கேள்விக்கும் பதிலோட போனா பாதி வேலை முடிஞ்சிரும். எப்ப சொல்றதுங்கிறதும் முக்கியம். வாசல்லயே நின்னு சொன்னா நம்மள கேஸாத்தான் பாப்பாங்க, சேந்து மூணு மாசம் கழிச்சு வேற யாரோ சொல்லித் தெரிஞ்சா ஏமாத்திட்டான்னு நினைப்பாங்க. கைவேலையைக் காட்டுன பிறகு, சம்பளம் பேசுறதுக்கு முன்னாடி, அதுதான் நேரம். வரப்பு எங்க இருந்துச்சு, பங்காளி எப்படி அநியாயக்காரன்னு கதை ஆரம்பிச்சிராதீங்க. எதிராளியத் திட்டத் திட்ட, கேக்குறவருக்கு நாமதான் சண்டைக்காரனா தெரிவோம்.

ஃபார்ம் நிரப்புற இடத்துல வேற மாதிரி. கேள்வியை எழுத்துக் கூட்டிப் படிங்க. எப்பவாவது கைது ஆனீங்களா, கேஸ் ஏதும் நிலுவையில இருக்கா, எப்பவாவது தண்டிக்கப்பட்டீங்களா, இது மூணும் மூணு வெவ்வேற கேள்வி. தண்டனை ஆச்சான்னு மட்டும் கேட்டிருந்தா, கேஸ் நடந்துட்டு இருக்குறவன் இல்லைன்னு எழுதுறது உண்மைதான். நிலுவையான்னு கேட்டிருந்தா ஆமான்னு எழுதி, கேஸ் நம்பர், கோர்ட், பிரிவு, இப்ப என்ன ஸ்டேஜ்னு ஒரு தாள் சேத்து வைக்கணும். கவர்மெண்ட் ஃபார்ம்ல பெரும்பாலும் மூணுமே கேப்பாங்க. 2016ல சுப்ரீம் கோர்ட் அவதார் சிங் கேஸ்ல இதைப் பத்தி தெளிவாச் சொல்லியிருக்கு: கேட்டதுக்கு உண்மையைச் சொல்லணும், மறைச்சா அதுக்காகவே வேலையை எடுக்கலாம், ரொம்பச் சின்ன கேஸா இருந்தா மறைச்சதை மன்னிக்கிற அதிகாரம் வேலை குடுக்குறவங்களுக்கு இருக்கு, அதே சமயம் உண்மையைச் சொல்லிட்டோம்ங்கிறதுக்காக வேலை குடுத்தே ஆகணும்னும் இல்ல. கடைசி வரி கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இப்ப மறைக்கவும் முடியாது. ஈகோர்ட்ஸ் சைட்ல பேரைப் போட்டாலே கேஸ் வந்து நிக்குது, நம்ம ஊர்ல ஒரே பேரு ஒரே இனிஷியல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, அதனால நம்மது இல்லாத கேஸு கூட நம்ம தலையில வந்து விழலாம். அப்படி வந்தா அப்பா பேரு, வயசு, விலாசம் காட்டி அந்த ஆள் நான் இல்லன்னு உடனே எழுத்துல குடுங்க.

தம்பி கதைதான் எனக்கு இன்னும் ஆறல. எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு எல்லாம் பாஸ் பண்ணான். ஃபார்ம்ல கேஸை ஒளிக்காம எழுதுனான். அதுக்குள்ள தீர்ப்பு வந்து அவனும் அப்பாவும் விடுதலை. ஆனா தீர்ப்புல சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கிறேன்னு ஒரு வரி. தமிழ்நாடு ஸ்பெஷல் போலீஸ் சபார்டினேட் சர்வீஸ் ரூல்ஸ்ல 14(பி)ங்கிற விதியில, சந்தேகத்தின் பலன்லயோ, புகார் குடுத்தவர் பிறழ் சாட்சியா மாறுனதாலயோ விடுதலை ஆனவங்களை கிரிமினல் கேஸ்ல சம்பந்தப்பட்டவங்களாத்தான் எடுத்துக்குவோம்னு இருக்கு. ஐகோர்ட் ஃபுல் பெஞ்சும் 2008ல அந்த விதி செல்லும்னு சொல்லியாச்சு. அங்க இல்லவே இல்லாத பையன், விடுதலையும் ஆயிட்டான், காக்கி போட முடியல. இது நியாயம்னு எனக்கு எந்த நாளும் தோணாது.

அதனால போலீஸ் வேலைக்குப் படிக்கிற பையன் பேரு ஊர்ச் சண்டை எஃப்ஐஆர்ல வந்திருச்சுன்னா, தீர்ப்பு வரட்டும்னு இருக்காதீங்க. அன்னைக்கு எங்க இருந்தான்னு வருகைப் பதிவேடு, பஸ் டிக்கெட், சிசிடிவி எது இருந்தாலும் விசாரணை அதிகாரிகிட்ட எழுத்துல குடுத்து, சார்ஜ் ஷீட்ல பேரை நீக்கச் சொல்லிக் கேளுங்க. நீக்கலைன்னா ஐகோர்ட்ல குவாஷ் பெட்டிஷன், அதாவது கேஸை ரத்து பண்ணச் சொல்ற மனு, எங்க மாவட்டத்துக்கு மதுரை பெஞ்ச், முன்னாடி பிரிவு 482ன்னு சொன்னது இப்ப புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 528. ட்ரையல் போய்த்தான் ஆகணும்னா, இவனுக்கு எதிரா சாட்சியமே இல்லைங்கிறதை தீர்ப்புல பதிவு பண்ற மாதிரி வாதம் வைக்கச் சொல்லி வக்கீல்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. சந்தேகத்தின் பலன்னு வர்றதுக்கும், குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லைன்னு வர்றதுக்கும் ஒரு வேலை அளவுக்கு வித்தியாசம் இருக்கு. தம்பி இப்ப சொந்தமா மினி வேன் வாங்கி ஓட்டுறான், நல்லாத்தான் இருக்கான்.

எனக்கு வந்த தீர்ப்பு வேற. 326 நிக்கல, 324ல, அதாவது ஆயுதத்தால சாதாரண காயம்ங்கிறதுல, குற்றவாளின்னு சொல்லிட்டாங்க. அந்தச் சமயத்துல வக்கீல் 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்துல பிரிவு 4 கேட்டார், அதாவது ஜெயிலுக்கு அனுப்பாம, ஒழுங்கா இருப்பேன்னு பாண்டு எழுதி வாங்கிட்டு விடச் சொல்லி. ஆயுள் தண்டனை வரைக்கும் போற குற்றத்துக்கு அது கிடையாது, 326ன்னு முடிஞ்சிருந்தா கேக்கவே முடியாது, 324க்கு கேக்கலாம். கோர்ட் நன்னடத்தை அலுவலர்கிட்ட ரிப்போர்ட் கேட்டுச்சு. அவர் ஊர்ல விசாரிச்சார், அப்புறம் பட்டறை ஓனருக்கே போன் போட்டார். ஓனர், பையன் என்கிட்டத்தான் இருக்கான், ஒழுங்கா வேலை பாக்குறான், வாய்தா தவிர லீவு போட்டதில்லன்னு சொன்னதோட நிக்காம லெட்டர்ஹெட்ல எழுதியும் குடுத்தார். ஜெயில் இல்லாம ஒரு வருஷ பாண்டுல விட்டாங்க. கேஸ் முடியட்டும் அப்புறம் வேலை தேடிக்கலாம்னு வீட்டுல படுத்திருக்குற பசங்களுக்கு இதைத்தான் சொல்லுவேன், அந்த வேலைதான் கேஸ்லயே நமக்காகப் பேசும்.

அந்தச் சட்டத்துலயே பிரிவு 12ன்னு ஒண்ணு இருக்கு. இப்படி பாண்டுல விடப்பட்டவருக்கு, தண்டனை ஆனதால வர்ற சட்டப்படியான தகுதியிழப்பு எதுவும் கிடையாதுன்னு அது சொல்லுது. இதனால தீர்ப்பே இல்லைன்னு ஆயிராது, தண்டிக்கப்பட்டீங்களான்னு கேட்டா ஆமான்னுதான் எழுதணும், ஆனா கூடவே பிரிவு 4ல விடப்பட்டேன், பிரிவு 12 பொருந்தும்னு எழுதலாம். நான் ஒரு பம்ப் கம்பெனிக்கு போனப்ப தீர்ப்போட சர்டிபைடு காப்பி, பாண்டு காலம் முடிஞ்சதுக்கான பேப்பர், ஓனர் லெட்டர் மூணையும் வச்சு, அரைப் பக்கத்துல விவரம் எழுதி, பேக்ரவுண்ட் செக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர் மேடம்கிட்ட குடுத்தேன். வேற ரெண்டு மூணு கம்பெனி இதே பேப்பரைப் பாத்துட்டு வேண்டாம்னுதான் சொன்னாங்க. இவங்க எடுத்தாங்க, இப்ப செட்டரா இருக்கேன்.

வாய்தா விஷயத்தை லேசா நினைக்காதீங்க. போக முடியாத அன்னைக்கு வக்கீல் மூலமா ஆப்சென்ட் பெட்டிஷன் போடணும், கோர்ட்ல எல்லாரும் இன்னும் 317ன்னுதான் சொல்றாங்க, 2024 ஜூலையில இருந்து புது சட்டத்துல அது பிரிவு 355. அதுவும் எல்லா வாய்தாவுக்கும் ஒத்துக்க மாட்டாங்க. சொல்லாம விட்டா பிடிவாரண்ட், போலீஸ் வேலை பாக்குற இடத்துக்கே வரும், ஓனர்கிட்ட நாம சொன்ன வார்த்தை அன்னைக்கோட போச்சு. கேஸுக்குன்னு குடுக்குற, எழுத்தும் எண்ணுமா 16 இருக்குற சிஎன்ஆர் நம்பரை ஈகோர்ட்ஸ் ஆப்ல போட்டு வச்சுக்கிட்டா அடுத்த தேதி நமக்கே தெரியும், நான் தேதி வந்த அன்னைக்கே ஓனர் மேஜை காலண்டர்ல வட்டம் போட்டுருவேன்.

அலைய வேண்டாத இடங்களும் சொல்லிர்றேன். செக்யூரிட்டி வேலை ஈசியா கிடைக்கும்னு நினைப்போம், ஆனா 2005 சட்டப்படி தனியார் ஏஜென்சி ஆளோட நடத்தையை விசாரிச்சுத்தான் எடுக்கணும். வெளிநாடுன்னா, கேஸ் நிலுவையில இருந்தா பாஸ்போர்ட்டுக்கு கோர்ட் அனுமதி வேணும், 1993 அறிவிப்புப்படி கோர்ட் எவ்வளவு காலம்னு சொல்லலைன்னா ஒரு வருஷத்துக்குத்தான் பாஸ்போர்ட் கிடைக்கும். துபாய்ல வேலை ரெடின்னு சொல்ற ஏஜென்ட்டுக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. 18 வயசுக்குள்ள நடந்த விஷயமா இருந்து சிறார் நீதி வாரியத்துல முடிஞ்சிருந்தா பெரும்பாலும் கவலை வேண்டாம், 2015 சட்டத்துல பிரிவு 24 அதால தகுதி போகாதுன்னு சொல்லுது, அந்தத் தீர்ப்பு காப்பியை மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க.

வக்கீலுக்குக் காசு இல்லாதவங்க மாவட்டக் கோர்ட்ல இருக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்குப் போங்க, போன்னா 15100. கஸ்டடியில இருக்குறவங்க, பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள் இவங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தரணும், மத்தவங்கள்ல பல பேருக்கு வருமான வரம்பு இருக்கு. பெயில் மட்டும் இல்ல, கண்டிஷன் தளர்த்துற பெட்டிஷனையும் அவங்க மூலமா போடலாம். போகும்போது ஆதார், எஃப்ஐஆர் காப்பி, பெயில் ஆர்டர், வேலை குடுக்குறவர் லெட்டர் இருந்தா அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க.